முகத்துவாரத்து போலீஸ் பூத்தைக் கட்டியவன்

முதலில் கட்டியது ஒரு டீக்கடை. நாலு சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, அவ்வளவுதான். அதை ஓர் ஐப்பசிக் காற்று தூக்கிக்கொண்டு போனது. அதே இடத்தில் ஓடு போட்டுக் கட்டினேன். அதைக் கடல் வந்து எடுத்துக்கொண்டது. அப்புறம் சாலைக்கு மேற்கே தள்ளிக் கட்டினேன், அது இன்றைக்கும் நிற்கிறது. அடுத்து ஐஸ் கடை. அடுத்து மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற மாடி அறைகள். பிறகு திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக்குக் கடன் கேட்கப் போனபோது பேங்க் மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் மகள் கல்யாணம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. கரண்ட் போனபோது ஜெனரேட்டரை ஓடவிட்டு மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் போட்டவன் நான்.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. மீன்கூடை தூக்கினேன், கலவை சுமந்தேன், கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன், கான்ட்ராக்ட் எடுத்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதையும் நானே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்த அச்சகத்தில் ஆள் இருக்கிறார்கள்.

மேலே சொன்னவற்றில் எதையும் நான் கட்டவில்லை என்று சொல்ல இந்தக் கரையில் யாருக்கும் வாய் வராது. கட்டியும் என் பெயர் இல்லாமல் நிற்பது ஒன்றே ஒன்று: எங்கள் குப்பத்துக்கு வடக்கே, முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற போலீஸ் பூத்.

அதன் சுவரில் கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். டி.எஸ்.பி. பெயர் இருக்கிறது. இரண்டு குப்பத்துத் தலைவர்கள் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே ‘முயற்சி’ என்று போட்டு என் மச்சான் பெயர் இருக்கிறது, படிப்புப் பட்டத்தோடு.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் குப்பத்தில்தான் பிறந்தான். அவன் பள்ளிக்கூடம் போன சைக்கிள் நான் வாங்கிக் கொடுத்தது. படித்தான், தபாலில் ஒரு பட்டமும் வாங்கினான், அணுமின் நிலையத்தில் டெல்லி சர்க்கார் வேலையில் சேர்ந்தான், அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் பேனா, வாயில் ‘ஆக்சுவலா’. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாதபடி நடந்துகொள்வதுதான் அவனிடம் எனக்குப் பொறுக்காத விஷயம்.

பூத் கதை ஓர் எஞ்சினில் ஆரம்பித்தது. எனக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஆடி ஞாயிற்றுக்கிழமை, ஊரே கோயிலில் இருந்தபோது, படகில் மாட்டியிருந்த எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கரையில் கிடக்கிற எஞ்சினுக்கு எங்கள் ஊரில் யாரும் பூட்டுப் போடுவதில்லை. அந்த வழக்கம் அன்றோடு போயிற்று.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே புகார் எழுதுகிறவர் நிமிர்ந்தார்.

“இன்னா ஐயா?”

“போட்டு எஞ்சின் காணாம பூட்ச்சு சார்.”

“போட்டா? அப்ப கடலோரப் போலீசுக்குப் போங்க. அவங்கதான் பாக்கணும்.”

கடலோரப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் சின்னப் பையன், நல்லமாதிரிதான் பேசினார்.

“போட்டு தண்ணியில நின்னுச்சா, மணல்ல நின்னுச்சா?”

“மணல்ல ஏத்தி வுட்டிருந்தோம் சார்.”

“அப்ப அது தரை. லோக்கல் ஸ்டேஷன்ல குடுங்க.”

“எஞ்சின் பின்னால தொங்கிகினு இருந்துச்சு சார், அலை வந்து வந்து நனைச்சிகினு போவும். பாதி தரை, பாதி தண்ணின்னு எழுதிக்கோங்களேன்!”

அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

அவன் ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வந்தான். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முதலில் போன ஸ்டேஷனுக்கே போனான். குரலை உயர்த்தவில்லை. “எந்த ஸ்டேஷன்ல வேணாலும் புகாரை வாங்கலாமே சார். எல்லை உங்களுது இல்லன்னா நீங்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிடலாமே. சட்டத்துலயே கீதே” என்றான். எழுதுகிறவர் அவன் கழுத்து அட்டையைப் பார்த்தார். நாற்காலி போட்டார். அவனுக்கு. நான் நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் ரசீதோடு வெளியே வந்தோம்.

எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் ஊர் பேசியது எஞ்சினைப் பற்றி இல்லை. “அண்ணாத்த ரெண்டு ஸ்டேஷன் சுத்தி நடக்காதது, மச்சான் போன ஒடனே முடிஞ்சிடுச்சுப்பா.” என் டீக்கடையில், என் பெஞ்சில், நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வந்தால் கடையில் ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். போலீஸ் எப்படி இயங்குகிறது என்று பாடம் எடுப்பான். போலீஸ் என்பது மாநிலத்து விஷயம், டெல்லிக்கு அதில் நேரடியாகக் கை கிடையாது என்பான். நம் ஸ்டேஷனுக்கு மேலே இன்ஸ்பெக்டர், அவருக்கு மேலே மாமல்லபுரத்தில் டி.எஸ்.பி., அவருக்கு மேலே செங்கல்பட்டில் எஸ்.பி., அதற்கு மேலே போய்ப் போய்ச் சென்னையில் டி.ஜி.பி. வடக்கே கேளம்பாக்கம் பக்கம் போனால் எஸ்.பி. இல்லை, கமிஷனர். ஒரே மாவட்டம், ஆனால் போலீசுக்கு வேறு தலை.

“அப்ப உங்க ஆபீஸ் கேட்டுல துப்பாக்கி வெச்சிகினு நிக்கிறாங்களே, அவங்க யாரு?” என்று ஒருவன் கேட்டான்.

“அவங்க டெல்லி ஆளுங்க. வேலிக்குள்ள ஒருத்தன் பூந்துட்டான்னா புடிப்பாங்க. புடிச்சி, நம்ம லோக்கல் ஸ்டேஷன்லதான் ஒப்படைக்கணும். துப்பாக்கி அவங்களுது, எஃப்.ஐ.ஆர். நம்முளுது.”

“செங்கல்பட்டு ரயிலடியில ரெண்டு விதமா போலீஸ் கீதே?”

“கரெக்டு. ரயிலு சொத்தைக் காக்குறது டெல்லி போலீஸ். பயணி பையைத் திருடினா மாநில ரயில்வே போலீஸ். ஆக்சுவலா எல்லாமே ஜூரிஸ்டிக்‌ஷன்தான்.”

ஜூரிஸ்டிக்‌ஷன்! வடை கேட்கிறவன்கூட அந்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தான். “அந்த பெஞ்சி என் ஜூரிஸ்டிக்‌ஷன், எழுந்திரு நைனா” என்று ஒருத்தனை ஒருத்தன் தள்ளினான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு எரியும். அவன் சுற்றி வளைத்துச் சொன்னதை நான் ஒரே வரியில் சொல்லியிருப்பேன்: ஒரு கொத்தனார் இன்னொரு கொத்தனார் கட்டிய நூலுக்கு அப்பால் கல் வைக்க மாட்டான். ஆளுக்கு ஒரு நூல், எல்லாருக்கும் மேலே ஒரு மேஸ்திரி. போலீஸும் அதேதான். ஆனால் யார் என்னைக் கேட்டார்கள்?

அப்போதுதான் முடிவு செய்தேன். இவன் போலீசைப் பற்றிப் பேசட்டும். நான் போலீசையே ஊருக்குக் கொண்டுவருகிறேன்.

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். முகத்துவாரத்தில் சனி ஞாயிறு சென்னைப் பிள்ளைகள் வந்து குடிப்பதையும், இறங்கிக் குளிப்பதையும், தண்ணீர் அவர்களை இழுத்துக்கொண்டு போவதையும் சொன்னேன். எஞ்சினையும் சொன்னேன். அவர், “எங்களுக்கும் தெரியும் ஐயா. ஆள் கம்மி. ஒக்கார ஒரு எடம் இருந்தா, லீவு நாள்ல ஒரு ஆளைப் போடலாம்” என்றார். அவ்வளவுதானே? இடம் கட்டுவது என் தொழில்.

இங்கே எங்கள் கரை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பங்கழி கடலில் சேர்கிற இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். நாங்கள் வாய் என்போம். வாய்க்குத் தெற்கே எங்கள் குப்பம், வடக்கே வடக்குக் குப்பம். வாய் ஒரே இடத்தில் இருக்காது. அடைபடும், வெட்டிக்கொள்ளும், மெல்ல மெல்ல வடக்கே நகரும். வாய் எங்கே திறந்திருக்கிறதோ அங்கேதான் இரண்டு ஊருக்கும் எல்லை. கரையில் நின்று இழுக்கிற எங்கள் பெரிய வலைக் கயிறு அதுவரை போகும், அவர்கள் கயிறு அதுவரை வரும். இதற்காக இரண்டு ஊரும் அடித்துக்கொண்டு, பஞ்சாயத்து வைத்து, ஒத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து வாய் நன்றாக வடக்கே போய்விட்டது. முன்பு வடக்குக் குப்பத்து மணலாக இருந்தது இப்போது வாய்க்குத் தெற்கே, எங்கள் பக்கம் இருக்கிறது. அதில் சவுக்கு வளர்ந்து, ஒரு தார்ச்சாலையும் வந்துவிட்டது. சுற்றுலாக் கூட்டம் சேர்வது அங்கேதான். பூத்தை அங்கே கட்டினேன்.

அஸ்திவாரம் தோண்டுகிற அன்று மச்சான் வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“மாமா, சர்வே நம்பர் பாத்தியா?”

“கடலுக்கு எவன்டா சர்வே நம்பர் போட்டான்?”

குழி வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில்களிலேயே நல்ல பதில் அதுதான். அன்றைக்கு ராத்திரி மீன் குழம்பு எனக்கு அத்தனை ருசியாக இருந்தது.

கட்டியது நானே. மேஸ்திரியாகி எத்தனையோ வருஷம் கழித்துக் கரண்டியைக் கையில் எடுத்தேன். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், அதனால் தூணை வேண்டுமென்றே தடிமனாகப் போட்டேன். கடலைப் பார்த்து அகலமாக ஒரு ஜன்னல். உட்கார்ந்தபடியே வாய் முழுக்கத் தெரிய வேண்டும் என்று ஜன்னல் உயரத்தை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துத்தான் வைத்தேன். வாசலில் இரண்டு படி. நீலமும் சிவப்பும் பெயின்ட்.

திறப்பு விழாவுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பந்தல், மைக், வடை, கேசரி, ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். என் மனைவி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். இன்ஸ்பெக்டர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கூட வந்திருந்த ஏட்டு அவர் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். கிராம நிர்வாக அதிகாரி கூட்டத்தில் இருந்தார், அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார்.

“சார், இது வடக்குக் கிராமத்து சர்வேதான். பழைய வாய் அங்க இருந்துச்சு, பாருங்க. அதான் ரெவின்யூ எல்லை.”

ஸ்டேஷன் எல்லை கிராமக் கணக்கைப் பிடித்துப் போகிறது. வாய் நகர்ந்தாலும் காகிதத்தில் எல்லை நகரவில்லை. நான் கட்டியது அடுத்த ஸ்டேஷன் எல்லையில் நின்றது.

இன்ஸ்பெக்டர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு ஸ்டேஷன் லிமிட்டுல என் ஆளை நான் ஒக்கார வைக்க முடியாது” என்றார். டீ மட்டும் குடித்தார். ஜீப் போய்விட்டது.

மைக் ஆனில் இருந்தது. யாரோ ஒருத்தன் அதன் பக்கத்திலேயே நின்று, “அண்ணாத்த, வடை ஆறிக்கினு கீது, ரிப்பனை வெட்டறதா, வடையை வெட்டறதா?” என்றான். கடற்கரை முழுக்கக் கேட்டது.

மச்சான் சிரிக்கவில்லை. ‘நான் அப்பவே கேட்டேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனை நான் அடித்திருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். அவன் நாற்காலிகளை மடக்கி அடுக்கினான். என் மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவள் எனக்கு எப்போதாவது தந்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தேன்.

அது என் தப்பு என்று இன்றுவரை சொல்கிறார்கள். எங்கள் கரையில் எவனைக் கேட்டாலும் அந்த மணல் எங்களது என்றுதான் சொல்லியிருப்பான். அன்று பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த எல்லை அதுதான். காகிதம் பின்தங்கிப்போனதற்கு நான் என்ன செய்வேன்?

பூத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஊர் அதற்கு ‘மாமியார் வூடு’ என்று பெயர் வைத்தது. “மாமியார் வூடு கட்டி வெச்சிட்டு, மாப்புள வரலையேன்னு குந்திகினு கீறாரு” என்பார்கள். படியில் ஆடுகள் படுத்தன.

மச்சான் மட்டும் விடவில்லை. ஒரு நாள் வந்து சொன்னான்: “மாமா, இதுல ஒரு பேஜாரும் இல்ல. வடக்கு ஸ்டேஷன் லிமிட்டுல கீது, அவங்களையே ஆள் போடச் சொல்லலாம். நான் செங்கல்பட்டு போயி எஸ்.பி. ஆபீசுல மனு குடுக்கிறேன். நீ சரின்னு சொல்லு.”

“நான் சொல்ல மாட்டேன். வடக்கு ஸ்டேஷன் வந்து குந்தினா, நாளைக்கு வடக்குக் குப்பத்துக்காரன் மணல் என்னுதும்பான். பெரிய வலைக் கயிறை இழுத்து எங்க போடுவ? உங்க குவார்ட்டர்ஸ் வாசல்லயா?”

“போலீஸ் லிமிட் வேற, வலை லிமிட் வேற மாமா.”

“உனக்கு வேற. வலை இழுக்கறவனைக் கேட்டுப் பாரு.”

இதில் நான் சொன்னதுதான் நியாயம். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆனால் அப்படியே வடக்குக் குப்பத்துத் தலைவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே நாஸ்தாகூட சாப்பிட்டிருக்கிறான். எங்கள் குப்பத்துக்காரன் ஒருத்தன் அந்த வீட்டில் கை நனைப்பது சாதாரணக் காரியம் இல்லை. அதைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிப் பையன் ஒருத்தனை வாய் இழுத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் படகு போட்டுத் தேடினார்கள். சாயங்காலம் கரை ஒதுங்கினான். வடக்கு ஸ்டேஷனுக்குச் சொல்லி, அவர்கள் சுற்றிக்கொண்டு சாலை வழியாக வர நேரமாயிற்று. அதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். யார் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பூத்தைப் பார்த்ததும் போலீஸ் உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நான் போட்ட படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் தள்ளி நின்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு ஸ்டூல்.

மறுநாள் காலையில் மச்சானை வரச்சொன்னேன். நான்தான் வரச்சொன்னேன், அவன் கேட்கவில்லை. இதை எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். சாவியை அவன் கையில் கொடுத்தேன். “வடக்கோ தெக்கோ, ஒரு ஆளைக் குந்த வை” என்றேன்.

அவன் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அங்கேயும் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டான்.

பிறகு நடந்ததெல்லாம் அவன் நடத்தியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. செங்கல்பட்டுக்கு அலைந்தான். இரண்டு குப்பத்துத் தலைவர்களையும் ஒரே கீற்றுக்கொட்டகையில் உட்காரவைத்தான். போலீஸ் எல்லை எதுவாக இருந்தாலும் வலை எல்லை பழைய வழக்கப்படி வாய்தான் என்று இருவரையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தான். எனக்கு அந்த யோசனை வரவில்லை என்பது வாஸ்தவம். நான் கட்டுகிறவன். இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவது என் தொழில் இல்லை.

இரண்டாவது திறப்பு விழாவில் டி.எஸ்.பி.யே வந்தார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் வரிசையில் மச்சான், வெள்ளைச் சட்டையில். டி.எஸ்.பி. அந்த ஜன்னலைப் பார்த்து, “நல்லா யோசிச்சு வெச்சிருக்காங்களே, உக்காந்தாலே முழுசா தெரியுது” என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவனைப் பார்த்து! அவன் திரும்பி என்னைக் காட்ட வாயெடுத்தான், அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். கல்லைத் திரை விலக்கிக் காட்டினார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் பூவைக் கழற்றிக்கொண்டே, “அவன் பேசுனா கேக்குறாங்க. நீ பேசுனா கத்துறன்றாங்க. நான் இன்னா பண்றது?” என்றாள்.

மறுநாள் நேராக அணுபுரத்துக்கே போனேன். அவன் மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டேன்.

“கட்டுனவன் பேரு எங்கடா?”

“மாமா, உள்ள வா, காபி சாப்புடு.”

“பேரு எங்க?”

அவன் கீழே பார்த்தான். “ரெண்டு ஊரும் சேந்து எடுத்த முடிவு மாமா. கட்டுனவரு தெக்குக் குப்பத்துக்காரருன்னு கல்லுல வெட்டுனா, நாளைக்கு அதைக் காட்டி மணலுக்கு உரிமை கேப்பாங்கன்னு வடக்குத் தலைவரு பயந்தாரு. உன் பேரை வுட்டாதான் கையெழுத்துன்னாரு. நான் இன்னா பண்ணட்டும்?”

“அப்ப நீ எந்த ஊருடா? நீயும் தெக்குக் குப்பம்தானே? உன் பேரு மட்டும் எப்பிடி வந்துச்சு?”

“நான் இப்ப அணுபுரம் மாமா.”

வெகுளியாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் மணலில் விழுந்து எழுந்தவன், எங்கள் கூழைக் குடித்தவன், ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்ததால் எந்த எல்லையும் இல்லாதவனாகிவிட்டான். அதனால் எந்தக் கல்லிலும் அவன் பெயர் உட்காரும். நான் ஊரை விட்டுப் போகவில்லை. கடல் கடையைத் தின்றபோதும் போகவில்லை. அதனால் என் பெயர் உட்காராது. காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது பூத்தில் ஓர் ஏட்டம்மா இருக்கிறார். சனி ஞாயிறு விசில் ஊதிப் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றுகிறார். கயிறும் மிதவையும் வைத்திருக்கிறார். போன சித்திரையில் இரண்டு பெண் பிள்ளைகளை உயிரோடு இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஊரில் அன்று எல்லாரும் மச்சானுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்கள். என் கடையில் நின்றுகொண்டு, என் எதிரிலேயே போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் சூடாகப் பால் அனுப்பினேன். ஆனால் விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது அவன் பெயரைச் சொல்லி ஊதுவதுபோலவே இருக்கிறது.

இரண்டு ஊர்த் தலைவர்களுக்கும், ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கும், என் மச்சானுக்கும் இதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த மணலில் எனக்கு ஒரு பிடிகூட வேண்டாம். வடக்குக் குப்பத்துக்காரர்களுக்கு வேண்டுமென்றால் சபையில் நின்று கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன். போலீஸ் எந்த ஸ்டேஷனோ, மேலே எந்த அதிகாரியோ, அதுவும் எனக்கு வேண்டாம். மச்சான் பெயரை அழிக்கவும் சொல்லவில்லை. ஆனால் தூண் நான் நிறுத்தியது, ஜன்னல் நான் வைத்தது, சாவி நான் கொடுத்தது. ‘கட்டியவர்’ என்று போட்டு அதற்கு நேராக என் பெயரை வெட்டுங்கள், மச்சான் பெயருக்கு மேலே. கல் வெட்டுகிற ஆள் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். மாமல்லபுரத்தில் தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கிறது.